வாரத்துக்கு நாலு மணித்தியாலம்: கொழும்பிலிருந்து எந்தத் திட்டத்துக்குக் கைகொடுப்பது?

களனி கங்கை கரையை மீறினால், தெமட்டகொடையிலும் மருதானையிலும் கோட்டையிலும் மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்யும் நம்மவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் ஓடும்: "நாங்கள் ஏதாவது செய்ய ஏலாதா?" 2016 மே மாதம் கொலன்னாவையும் கடுவெலையும் தண்ணீரில் கிடந்தபோது ஓடியது. அடுத்த வருஷ மே மாத வெள்ளத்திலும் ஓடியது. அரிசி, பருப்பு, தண்ணீர்ப் போத்தல் சேர்த்து அனுப்பியதோடு நிற்காமல், கற்ற தொழிலாலும் ஒரு கை கொடுக்க வேண்டும் என்ற அந்தத் தவிப்பு மதிப்புக்குரியது. அது வீணாகப் போகக்கூடாது என்பதற்காகவே, மனிதாபிமானப் பணிக்கான திறந்த மூல மென்பொருளுக்கு (நிரலை யாரும் பார்த்து, மாற்றி, பயன்படுத்தக்கூடிய மென்பொருள்) கைகொடுக்கும் வழிகளின் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

கைவசம் உள்ள நேரம் வாரத்துக்கு நாலு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்கிறேன். வீடும் வேலையும் உள்ள ஒருவர் வருஷம் முழுக்கத் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவு அதுதான். அந்த நேரத்தை எங்கே போடுவது என்று முடிவெடுக்க நான் மூன்று கேள்விகளைக் கேட்கிறேன். நான் விட்டுப் போன பிறகு என் வேலையை யார் பார்ப்பார்கள்? பாதிக்கப்பட்டவரின் கைக்கும் என் வேலைக்கும் இடையில் எவ்வளவு தூரம்? நான் செய்யாவிட்டால் இதைச் செய்ய உலகில் வேறு ஆள் கிடைக்குமா? மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலானோர் கேட்பதில்லை. கொழும்பில் இருக்கும் தமிழருக்கு அதுவே மற்ற இரண்டையும் விட முக்கியம் என்று நினைக்கிறேன்.

வெள்ளத்தோடு ஒரு செயலி

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். சனிக்கிழமை கூடி, உதவி தேவைப்படுகிறவரையும் கொடுக்கிறவரையும் இணைக்கும் இணையத்தளம் ஒன்றை ஞாயிறு இரவுக்குள் ஏற்றிவிடுவது. நான் இதற்கு எதிரானவன். ஆனால் இந்த வழிக்கு ஆதரவான மிகப் பலமான சாட்சி கொழும்பிலேயே இருக்கிறது. அதை முதலில் சொல்வதுதான் நியாயம்.

2004 டிசம்பர் 26 சுனாமி இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. காணாமற்போனவர்கள் யார், எந்த முகாமில் யார் தங்கியிருக்கிறார்கள், எந்த அமைப்பு எங்கே எதைக் கொடுக்கிறது என்பதையெல்லாம் ஓரிடத்தில் பார்க்க வழி இருக்கவில்லை. கொழும்பின் மென்பொருள் நிறுவனங்களைச் சேர்ந்த தொண்டர்கள் சில நாட்களுக்குள் கூடி எழுதத் தொடங்கினார்கள். அதுதான் சஹானா என்ற பேரிடர் உதவி மென்பொருள். பிஎச்பியிலும் மைஎஸ்கியூஎல்லிலும் எழுதிய அந்த முதல் வடிவம் அரசு அமைத்த தேசிய செயற்பாட்டு மையத்தில் பயன்பட்டது. அடுத்த ஒக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, அதே வருஷம் மே மாதம் யோக்யகர்த்தா நிலநடுக்கம், 2010 ஜனவரியில் ஹெயிட்டி என்று அந்த மென்பொருள் நாடு நாடாகப் போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைச் சஹானாவுக்குக் கொடுத்தது. மனிதாபிமானப் பணிக்கான திறந்த மூல மென்பொருள் என்றால் இன்றும் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று எங்கள் ஊரில் பிறந்தது.

அப்படியென்றால் வெள்ளத்தின்போது செயலி கட்டுவதில் என்ன பிழை? சஹானா ஏன் நிலைத்தது என்று பார்த்தால் பதில் தெரியும். சுனாமி வருவதற்கு முன்பே லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் இருந்தது. திறந்த மூலத் திட்டங்களில் ஊர் பேர் தெரியாதவர்களோடு சேர்ந்து வேலை செய்து பழகியவர்கள் அங்கே இருந்தார்கள். அவசரம் தணிந்த பிறகு சுவீடன் அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான சீடாவின் நிதி வந்தது. அவசரத்தில் எழுதிய முதல் நிரலை ஓரமாக வைத்துவிட்டு, பகுதி பகுதியாகப் பிரித்துத் திரும்ப எழுத முடிந்தது. 2009 இல் தனியாக ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. பின்னர் பைதன் என்ற நிரல் மொழியில் ஈடன் என்ற புதிய வடிவம் வந்தது. முதல் வாரத்தின் உற்சாகத்துக்குப் பின்னால் வருஷக்கணக்கான உழைப்பு நின்றிருக்கிறது.

வார இறுதியில் பிறக்கும் இணையத்தளங்களுக்கு இவை எதுவும் கிடையாது. ஒரே வெள்ளத்துக்கு நாலைந்து குழுக்கள் நாலைந்து தளங்களை ஏற்றும். ஒரே குடும்பத்தின் தேவை எல்லாவற்றிலும் பதிவாகும். உதவி கிடைத்த பிறகு ஒன்றிலும் அழியாது. அதைப் பார்த்து மூன்று வாகனங்கள் ஒரே ஒழுங்கைக்குப் போகும். அடுத்த ஒழுங்கைக்கு ஒன்றும் போகாது. பெண்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும் தங்கியிருக்கும் இடமும் யாரும் பார்க்கும் பக்கத்தில் கிடக்கும். இலங்கையில் 2022 முதல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. வீட்டை இழந்து நிற்கும் ஒரு பெண்ணின் இருப்பிடத்தை ஊருக்கே அறிவிக்க எங்களுக்கு உரிமை இல்லை. இரண்டு மாதத்தில் தளத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். தரவு மட்டும் எவருடைய மடிக்கணினியிலோ கிடக்கும்.

இந்த வழி என் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது.

ஏற்கனவே நிற்கும் திட்டங்களில் நிரல் எழுதுவது

அவசர நேரத்தில் கூடியும் பயன் தந்த ஒரு சந்தர்ப்பம் 2020 இல் இங்கே நடந்தது. முந்திய வழியை ஏன் மறுக்கிறேன் என்பதை அது இன்னும் தெளிவாகக் காட்டும்.

டிஎச்ஐஎஸ்2 என்பது ஒஸ்லோ பல்கலைக்கழகம் வழிநடத்தும் சுகாதாரத் தகவல் மென்பொருள். 70க்கும் அதிகமான நாடுகளில் ஓடுகிறது. எங்கள் சுகாதாரத் துறையும் அதைப் பல வருஷங்களாகப் பயன்படுத்திவந்தது. ஹிஸ்ப் ஸ்ரீலங்கா என்ற உள்ளூர்க் குழுவில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் சுகாதாரத் தகவலியல் படித்த வைத்தியர்கள் இருந்தார்கள். 2020 ஜனவரியில் முதல் கொரோனா நோயாளி இங்கே இனங்காணப்பட்ட காலத்திலேயே, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைப் பதிந்து பின்தொடரும் ஏற்பாட்டை இந்தக் குழு டிஎச்ஐஎஸ்2 மேல் சில நாட்களில் அமைத்தது. அந்த மென்பொருளை இந்த நோய்க்கு முதலில் பயன்படுத்திய நாடு இலங்கை. ஒஸ்லோ அதை எடுத்துப் பொது வடிவமாக்கி மற்ற நாடுகளுக்குக் கொடுத்தது. நோர்வேயின் நகரசபைகள் தங்கள் தொடர்புத் தடமறிதலை டிஎச்ஐஎஸ்2 இல் அமைத்தபோது இலங்கையின் வேலையே அவர்களுக்கு முன்மாதிரி.

அப்போது தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் கூட்டிய ஹக்கத்தோனில் (நிரலாளர்கள் கூடிக் குறுகிய நேரத்தில் நிரல் எழுதும் நிகழ்வு) தொண்டர்கள் வந்து, நோயாளிக்கும் அவரோடு பழகியவர்களுக்கும் இடையிலான தொடர்பு வலையைப் படமாகக் காட்டும் பகுதியை எழுதினார்கள். அதுவும் ஒரு வார இறுதி வேலை போன்றதுதான். ஆனால் அவர்கள் வந்து சேர்ந்தபோது தரவுத்தளம் இருந்தது, சேர்வர் இருந்தது, யாருக்கு எதைப் பார்க்க அனுமதி என்ற ஒழுங்கு இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக "எனக்கு இன்னது வேண்டும்" என்று சொல்லும் வைத்தியர் பக்கத்தில் இருந்தார். தொண்டர்கள் வெறும் நிரலை மட்டும் கொண்டுவந்தால் போதுமாக இருந்தது.

இனி தனியாள் ஒருவர் வீட்டிலிருந்தே பங்களிக்க வேண்டுமென்றால் எந்தத் திட்டம்? டிஎச்ஐஎஸ்2 இன் மையப் பகுதியைப் பெரும்பாலும் ஒஸ்லோவில் சம்பளம் பெறும் அணிதான் எழுதுகிறது. வெளியாட்கள் அதன் மேல் செயலிகள் கட்டலாம். ஆனால் பயன்படுத்தும் ஒரு நிறுவனத்தோடு தொடர்பு இல்லாமல் கட்டினால் அந்தரத்தில் நிற்கும். ஓபன்எம்ஆர்எஸ் வேறு மாதிரி. 2004 இல் அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவகமும் பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பும் தொடங்கிய நோயாளர் பதிவேட்டு மென்பொருள் அது. 2006 இல் கென்யாவின் எல்டோரெட்டில் எச்ஐவி சிகிச்சை நிலையங்களில் முதலில் ஓடியது. தொண்டர்களை எதிர்பார்த்தே அந்தத் திட்டம் நடக்கிறது. புதியவர்களுக்கென்று ஒதுக்கிய சின்ன வேலைகள், நிரலைப் பார்த்துத் திருத்திச் சொல்லும் மூத்தவர்கள், படிப்படியாக உயரும் பொறுப்புகள் எல்லாம் உண்டு. சேர்வரில் ஓடும் பின்பக்கத்துக்கு ஜாவாவும் ஸ்ப்ரிங்கும், திரையில் தெரியும் புதிய முன்பக்கத்துக்கு ரியக்ட்டும் டைப்ஸ்கிரிப்ட்டும் என்ற நிரல் மொழிகளும் கருவிகளும். கொழும்பில் பாதிப் பேர் கந்தோரில் எழுதுவது அதைத்தான். மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள், திறந்த மூலத் திட்டங்களில் வேலை செய்யப் புதியவர்களுக்குக் கூகுள் உதவித்தொகை கொடுக்கும் கூகுள் சமர் ஒஃப் கோட் வழியாகப் பல வருஷமாக இப்படிப்பட்ட திட்டங்களுக்குள் போகிறார்கள். அந்த நிகழ்ச்சியின் முதல் பத்து வருஷத்தில் உலகிலேயே அதிகம் பேரை அனுப்பிய பல்கலைக்கழகம் அது. 2022 முதல் மாணவர் அல்லாதவர்களும், திறந்த மூலத்துக்குப் புதியவர்களாக இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

நாலு மணித்தியாலக் கணக்கில் இது எப்படி? முதல் சில வாரங்கள் மென்பொருளைச் சொந்தக் கணினியில் ஓடவைக்கவும் நிரலைப் படிக்கவுமே சரியாகிவிடும். அதற்குப் பிறகும் மாதத்துக்கு ஒரு சின்னத் திருத்தம் போனால் நல்லது. கூட்டங்கள் பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் வசதியான நேரத்தில் நடப்பதால் எங்களுக்கு இரவாகிவிடும். இரண்டு திருத்தத்தோடு காணாமல் போகிறவர், தன் நிரலைப் பார்த்துத் திருத்திய மூத்தவரின் நேரத்தை எடுத்துக்கொண்டு போகிறார் என்பதையும் எண்ண வேண்டும். ஆறு மாதமாவது நிற்க முடியாதென்றால் இந்தப் பக்கம் போகாமல் இருப்பதே அந்தத் திட்டத்துக்குச் செய்யும் உதவி.

நிற்க முடிந்தால் இது மிக நல்ல வழி. எல்டோரெட்டில் ஒரு தாதியின் திரை இரண்டு செக்கன் வேகமாகத் திறந்தால் அதுவும் உயிர் காக்கும் வேலைதான். அது எங்கள் ஊர் இல்லை என்பதால் மதிப்புக் குறையாது. மூன்றாவது கேள்வியில்தான் இது சற்றுப் பின்தங்குகிறது. ஜாவா எழுத நைரோபியிலும் ஆள் உண்டு, பெங்களூரிலும் ஆள் உண்டு.

வரைபடம்

யாரும் திருத்தக்கூடிய திறந்த உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மப்பில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீதிகளையும் கட்டடங்களையும் வரைவதுதான் தொடங்க மிக இலகுவான வழி. ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது உருவான மனிதாபிமான ஓபன்ஸ்ட்ரீட்மப் அணி, பெரிய நிலப்பரப்பைச் சின்னச் சதுரங்களாகப் பிரித்துத் தொண்டர்களுக்குக் கொடுக்கிறது. ஒருவர் வரைந்ததை இன்னொருவர் சரிபார்ப்பார். ஒரு மணித்தியாலத்தில் பழகிவிடலாம். கந்தோரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு போயா விடுமுறையில் செய்யலாம்; நிரல் தெரியாதவர்களும் சேரலாம்.

வரைபடம் எப்போது உதவும் என்பதற்கு நேபாளம் நல்ல உதாரணம். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் வந்தபோது உலகெங்குமிருந்து ஆயிரக்கணக்கானோர் வரைந்தார்கள். ஆனால் காத்மண்டுவில் வரைபடம் உடனே கைகொடுத்ததற்குக் காரணம், அதற்கு முந்திய வருஷங்களில் காத்மண்டு லிவிங் லப்ஸ் குழுவினர் பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் நடந்து நடந்து பதிந்திருந்தது. இங்கேயும் ஓபன் சிட்டீஸ் திட்டத்தின் கீழ் மட்டக்களப்பின் மண்முனை வடக்குப் பிரிவைக் கட்டடம் கட்டடமாக வரைந்திருக்கிறார்கள்.

இன்று கட்டட வடிவங்களைக் கூகுளும் மைக்ரோசொஃப்ட்டும் இயந்திரத்தால் வரைந்து திறந்த தரவாகக் கொடுக்கின்றன. ஆகவே நாற்காலியில் இருந்து கூரைகளை வரைவதன் பெறுமதி முன்பை விடக் குறைந்துவிட்டது. இயந்திரத்தால் முடியாதது அந்தக் கூரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்வது. மலையகத்தில் ஒரு நீண்ட கூரையை அது ஒரு கட்டடம் என்று காட்டும். அது லயன், அதற்குள் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கலாம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். எந்த ஒழுங்கை வெள்ளத்தில் முதலில் மூழ்கும், தோட்ட வைத்தியசாலை இன்னும் இயங்குகிறதா, ஊரின் பெயர் தமிழில் எப்படி எழுதப்படும் என்பவையும் அப்படித்தான். வரைபடத்தைத் தெரிவு செய்கிறவர், தனக்குத் தெரிந்த ஊரையே தெரிவு செய்ய வேண்டும். கொழும்பில் வேலை செய்யும் ஹட்டன் பிள்ளை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கைத்தொலைபேசியோடு ஒரு சுற்று நடந்தால், அது நூறு கூரை வரைவதை விடப் பெரிய வேலை.

தமிழ் எழுத்தும் தமிழ்ப் பெயரும்

இதை வெறும் மொழிபெயர்ப்பு என்று நினைத்து ஒதுக்குகிறவர்களே அதிகம். நான் இந்த வழியின் பக்கம் நிற்கிறேன். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயன்களை மூடியது. காணாமற்போனோர் எண்ணிக்கை முதலில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்டது. நாட்கள் போகப் போக வெகுவாகக் குறைந்தது. யார் வீட்டில் இருந்தார், யார் பள்ளிக்கூடம் போயிருந்தார், யார் கொழும்பில் வேலைக்கு நிற்கிறார் என்று ஆள் ஆளாகச் சரிபார்க்காமல் அந்தக் கணக்கு தெளியாது. அப்படியோர் இடத்தில் காணாமற்போனோர் பதிவேடு ஒன்றை இயக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். முகாமில் ஒருவர் பெயரைத் தமிழில் பதிவார். வைத்தியசாலையில் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில். தாய் ஒரு பட்டியலிலும் பிள்ளை இன்னொரு பட்டியலிலும் உயிரோடு இருந்தும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருப்பார்கள். மூன்று பட்டியலிலும் இருப்பது யார் யார் என்று மென்பொருள் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தியாகராஜா என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். முதல் 'டி'க்குப் பக்கத்தில் 'எச்' வைக்கலாம், விடலாம். அடுத்து 'ஐ' வரலாம், 'வை' வரலாம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். கடைசியில் இன்னொரு 'எச்' வைக்கலாம், விடலாம். ஒரே ஆளுக்குப் பன்னிரண்டு எழுத்துக்கூட்டல். பன்னிரண்டும் கொழும்பில் புழக்கத்தில் இருக்கக்கூடியவை. இப்படிப்பட்ட இடங்களில் ஒலியை வைத்துத் தேட மென்பொருள்கள் வழமையாக எடுக்கும் முறை சவுண்டெக்ஸ். 1918 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்காகச் செய்தது. பெயரின் முதல் எழுத்தை அது அப்படியே வைத்துக்கொள்ளும். செல்வராணியை ஒருவர் 'எஸ்' போட்டும் இன்னொருவர் 'சி எச்' போட்டும் எழுதினால் சவுண்டெக்ஸுக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள்.

தமிழிலேயே பதிந்தாலும் சிக்கல் தீராது. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை, கணினிகள் எழுத்துகளுக்குப் பொதுவாக வைத்திருக்கும் யுனிகோடு என்ற குறியீட்டு முறையில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இயல்பாக்கம் செய்யாமல், அதாவது இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றாமல் ஒப்பிட்டால் கணினிக்கு இரண்டு பெயர். இயல்பாக்கம் செய்தும் பிடிபடாதது 'கௌரி': ஔகாரக் குறி தேடிக் கிடைக்காமல் ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டி 'கெளரி' என்று பதிகிறவர்கள் ஏராளம். பழைய எக்செல் பட்டியல்கள் பல இன்னும் யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினியில் தட்டியது கணினிக்குள் ஆங்கில எழுத்தாகவே கிடக்கும். மாற்றாமல் தரவுத்தளத்தில் ஏற்றினால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள்தான் நிற்கும். திரையில் ஒழுங்காகத் தெரிந்த தமிழ், பிடிஎஃப் ஆக அச்சிடும்போது கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறுவதைப் பார்க்காத தமிழ் மென்பொருளாளர் இருக்க மாட்டார்.

படிவமே எங்களுக்குப் பொருந்தாமலும் இருக்கும். குடும்பப் பெயர் கட்டாயம் என்று ஒரு பெட்டி. எங்களில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முதலெழுத்தாக நிற்கும். கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணின் முதலெழுத்து மாறும். அந்தப் பெட்டியில் ஒருவர் தகப்பன் பெயரைப் போடுவார், இன்னொருவர் தன் பெயரையே திரும்பப் போடுவார், அவசரத்தில் பதியும் தொண்டர் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார். பிறகு குடும்பப் பெயரால் உறவினரைத் தேடும் வசதி எப்படி வேலை செய்யும்? தேசிய அடையாள அட்டை இலக்கத்தை வைத்துச் சேர்க்கலாமே என்றால், ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய வடிவமும் 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்க வடிவமும் சேர்ந்தே புழங்குகின்றன. பழையதைப் புதியதாக மாற்ற விதி உண்டு. அதை மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிள்ளைகளிடம் அட்டை இல்லை. வெள்ளத்தில் வீட்டை இழந்தவரிடம் இருந்த அட்டையும் போயிருக்கும்.

இவை எதையும் ஒஸ்லோவிலோ எல்டோரெட்டிலோ இருப்பவர் கண்டுபிடிக்கமாட்டார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குத் தெரிய வழியில்லை. கொழும்பில் மூன்று மொழிகளுக்கு நடுவில் வாழ்ந்து, நிரலும் எழுதத் தெரிந்த தமிழருக்கு இது ஒவ்வொரு நாளும் கண்ணில் படும் விஷயம். என் மூன்றாவது கேள்விக்கு "வேறு ஆள் இல்லை" என்ற பதில் வருவது இங்கேதான்.

நாலு மணித்தியாலத்துக்கும் இது ஒத்துவரும். ஒரு வாரம் ஒரு திட்டத்தில் தமிழ்ப் பெயரைப் பதிந்து தேடிப் பார்த்து வழுவை (மென்பொருளின் பிழையை) படத்தோடு அறிவிக்கலாம். அடுத்த வாரம் அந்த வழு திரும்ப வராமல் பிடிக்கும் ஒரு சோதனையை எழுதலாம். ட்ரான்சிஃபெக்ஸ் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் ஓபன்எம்ஆர்எஸ், டிஎச்ஐஎஸ்2 போன்றவற்றின் சொற்றொடர்களைத் தமிழாக்கலாம்; ஆனால் திரையில் போட்டுப் பார்க்காமல் மொழிபெயர்த்தால் தமிழ்ச் சொல் பொத்தானுக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்படும். எல்லாவற்றையும் விட எனக்கு ஆசையான வேலை, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் இடையில் பெயரைப் பொருத்தும் ஒரு சின்ன நிரலகமும் (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல் தொகுப்பு), அதைச் சோதிக்க நாமே உருவாக்கிய பெயர்த் தொகுப்பும். உண்மையான முகாம் பட்டியல்களைத் தொடக்கூடாது. கற்பனைப் பெயர்களே போதும். ஒருமுறை நன்றாகச் செய்து திறந்த உரிமத்தில் வைத்தால் எந்தத் திட்டமும் எடுத்துக்கொள்ளலாம்.

குறை இல்லாமல் இல்லை. மென்பொருளின் ஒவ்வொரு புதிய பதிப்போடும் மொழிபெயர்ப்புப் பழசாகும். யாராவது பின்னாலேயே போக வேண்டும். நீங்கள் சரிசெய்த திட்டத்தை இலங்கையில் எவரும் நிறுவாமலே போகலாம். அதனால் திட்டத்தைத் தெரிவு செய்யுமுன் நிரல் களஞ்சியத்தைத் திறந்து கடைசி மாற்றம் எப்போது வந்தது, வெளியாள் ஒருவரின் திருத்தத்துக்கு எத்தனை நாளில் பதில் வந்தது என்று பாருங்கள். பழம்பெருமைக்காக மட்டும் சஹானாவைத் தெரிவு செய்ய வேண்டாம். அதற்கும் இதே சோதனைதான்.

ஓடிக்கொண்டிருப்பதைப் பராமரித்தல்

சேர்வரைப் புதுப்பித்தல், காப்புப் பிரதி எடுத்து அது மீள்கிறதா என்று பார்த்தல், கோபோ டூல்பொக்ஸ் போன்ற தரவு சேகரிக்கும் மென்பொருள்களில் களப்பணியாளருக்குப் படிவம் அமைத்துக் கொடுத்தல். பாதிக்கப்பட்டவருக்கு மிக அருகில் உள்ள வேலை இதுதான். ஆனால் நோயாளர் தரவையும் முகாம் தரவையும் தொட வேண்டியிருப்பதால், வாரத்துக்கு நாலு மணித்தியாலம் வந்துபோகும் தொண்டரிடம் அதன் சாவியைக் கொடுக்கக்கூடாது. எழுத்து மூல ஒப்பந்தமும் இரகசியக் காப்பும் உள்ள இடத்தில், சேர்வர் வேலையே தொழிலாக உள்ளவர் போகலாம். மற்றவர்கள் வெளியிலிருந்து பயிற்சிக் குறிப்புகள் எழுதிக் கொடுக்கலாம், சேர்வர் கட்டணத்துக்குப் பணம் கொடுக்கலாம்.

எந்த வழியைத் தெரிவு செய்தாலும் அதற்கு முன் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேலையின் பகுதியாக எழுதியதன் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், தொழில் கொடுநருக்கே. பல ஒப்பந்தங்கள் அதைத் தாண்டி, வேலைக் காலத்தில் எழுதும் எல்லாவற்றையும் உரிமை கோரும். திறந்த மூலத் திட்டத்துக்குக் கொடுத்த நிரலுக்குப் பின்னர் நிறுவனம் உரிமை கோரினால் சிக்கல் உங்களோடு நிற்காது. அந்த நிரலை வைத்து ஓடும் வைத்தியசாலைவரை போகும். மேலாளரிடம் வாயால் கேட்டால் போதாது. மின்னஞ்சலில் அனுமதி வாங்குங்கள். கந்தோர் மடிக்கணினியைப் பயன்படுத்தாதீர்கள்.

ஆறு மாதம் நிற்க முடிந்த, ஜாவாவோ ரியக்ட்டோ நன்றாகத் தெரிந்த இளம் பிள்ளைகளுக்கு ஓபன்எம்ஆர்எஸ்ஸைச் சொல்வேன். கற்றுக்கொள்வதற்கும் அதைவிட நல்ல இடம் தெரியாது. மலையகத்திலோ மட்டக்களப்பிலோ வேர் உள்ளவர்கள் தங்கள் ஊர் வரைபடத்தை எடுக்கட்டும். மற்ற எல்லோருக்கும், முக்கியமாக மாதத்தில் ஒரு வாரம் தவறிப்போகக்கூடிய குடும்பக்காரர்களுக்கு, தமிழ் எழுத்து, தமிழ்ப் பெயர் வேலையைத்தான் சொல்வேன். அடுத்த வெள்ளத்தின்போது வட்ஸ்அப்பில் அந்தக் கேள்வி வந்தால், புதிய தளம் தொடங்குவோரைத் தடுத்து, ஏற்கனவே கணக்கு வைத்திருக்கும் திட்டத்துக்குள் அழைத்துவர அப்போது ஆட்கள் இருப்பார்கள்.

பெயர் பொருத்தும் வேலையைத் தமிழர் மட்டும் முடிக்க ஏலாது. சிங்கள எழுத்தில் எங்கள் பெயர்கள் எப்படியெல்லாம் பதிவாகின்றன என்று தெரிந்த ஒரு சிங்கள நண்பர் வேண்டும். தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழ்களைப் பார்த்துப் பழகிய ஒருவர் வேண்டும். பைதன் எழுதுகிறவர் ஒருவர். மூன்று பேர் சேர்ந்தால் அடுத்த சனிக்கிழமையே தொடங்கலாம்.